எந்தப் பக்கத்துச் சாளரம்?

பன்விலப் பகுதியில் வாழும் வாசகி ஒருவர் நமக்கொரு வினா விடுத்திருக்கிறார். தம் அன்னையாரையும் மகனையும் அழைத்துக்கொண்டு, கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு ஆகாய விமானத்திற் செல்ல அவர் எண்ணியுள்ளார். மூவருக்கும் அதுவே முதல் விமானப் பிரயாணம். சாளரத்தையொட்டிய ஆசனம் வேண்டுமா, வேண்டுமெனில் வலப்புறமா இடப்புறமா என்று சீட்டுப் பதிவு செய்த இடத்திற் கேட்டார்களாம். என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. “ஒரு மணி நேரப் பயணம், எங்கே இருந்தால் என்ன? வானத்தில் பார்ப்பதற்கு யாது உளது?” என்று வீட்டிலும் ஒருவர் சொல்லிவிட்டாராம்.

வானத்திற் பார்ப்பதற்கு அதிகம் இல்லை என்பது மெய்யே. ஆயின், வானத்திலிருந்து பார்ப்பதற்கு நிரம்ப உண்டு. அதிலும் மலைநாட்டுக் குடும்பம் ஒன்று திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் அவ்வழியில் காணக்கிடைப்பது வெறும் இயற்கைக் காட்சியன்று. ஆதலின் இவ்வாரம் இவ்வினாவையே எடுத்துக்கொண்டோம்.

சாளரத்தைத் தெரிந்தெடுக்கும் கலை மலைநாட்டாருக்குப் புதியதன்று. கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதத்தில் வருவோர் வலப்புறத்து ஆசனத்திற்குப் போட்டியிடுவதை யாவரும் கண்டிருப்போம். றம்புக்கனையைக் கடந்து கடுகண்ணாவை மலையில் வண்டி மூச்சிரைக்க ஏறும்போது, பள்ளத்தாக்கு வலப்புறத்தில்தான் விரிகிறது. வேதப் புத்தகம் ஒன்றை வைத்தாற்போல் தோன்றுவதால் ஆங்கிலேயர் ‘பைபிள் பாறை’ எனப் பெயரிட்ட குன்றும் அப்பக்கத்திலேயே தெரிகிறது. இடப்புறத்திலிருப்பவர்க்குப் பெரும்பாலும் மலையின் சுவர்தான் துணை. 1867 ஆம் ஆண்டில் கண்டிக்கு முதற் புகையிரதம் வந்த நாள் தொட்டு மலையும் பள்ளமும் இடம் மாறவில்லை.

ஆனால் வலப்புறமே என்றைக்கும் நல்ல புறம் என்று மனனஞ் செய்துகொண்டால் ஏமாந்து போவோம். கண்டியிலிருந்து கொழும்புக்கு இறங்கும்போது அதே பள்ளத்தாக்கு இடக்கைப் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. இன்னொரு விநோதமும் உண்டு. கொழும்பிலிருந்து கண்டி நகருக்குள் வந்து, பின்னர் பதுளைக்குச் செல்லும் வண்டி, வந்த வழியே பேராதனைக்குத் திரும்பியே மலையேற வேண்டும். கண்டியில் எஞ்சினை மறு முனையிற் பூட்டுவார்கள். அதுவரை வலமாயிருந்தது அக்கணமே இடமாகிவிடும். வலமும் இடமும் செல்லும் திசையைப் பொறுத்தவை. காட்சியோ இருந்த இடத்தில் இருப்பது. இவ்வொன்றை மனத்திற்கொண்டால் விமானத்திலும் வழி தவறமாட்டோம்.

இனிச் செய்யவேண்டியது யாது? வீட்டில் பிள்ளைகளின் தேசப்படப் புத்தகம் இருக்குமன்றோ? அதனை விரித்து, புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் இரு புள்ளிகளாகக் குறித்து, அடிமட்டத்தை வைத்து ஒரு கோடு இழுக்கவேண்டும். பின்னர்ப் புத்தகத்தைத் திருப்பி, அக்கோடு நம் முகத்துக்கு நேரே முன்னோக்கிச் செல்லுமாறு வைத்துக்கொள்ள வேண்டும். கோட்டின் வலக்கைப் பக்கம் கிடப்பதெல்லாம் வலப்புறச் சாளரத்துக்கு. இடக்கைப் பக்கம் கிடப்பது இடப்புறச் சாளரத்துக்கு. விமானங்கள் தமக்கென வகுக்கப்பட்ட வான்பாதைகளிற் செல்வதாலும், இடிமேகங்களைச் சுற்றிப் போவதாலும் கோட்டினின்றும் சற்று விலகுவதுண்டு. கட்டுநாயக்கவிலே ஓடுபாதை தென்மேற்கும் வடகிழக்குமாக அமைந்திருப்பதால், எழுந்தவுடன் திரும்பித்தான் தன் திசையைப் பிடிக்கும். ஆயினும் நேர்கோட்டுக் கணக்கு பெரும்பாலும் பொய்ப்பதில்லை.

இன்னொரு நுட்பமும் இங்கு அறியத்தக்கது. கோடு எதன்மேல் நேராகச் செல்கிறதோ, அதனை எச்சாளரமும் காட்டாது. அது விமானத்தின் வயிற்றுக்குக் கீழே மறைந்துவிடும். ஒன்பது பத்துக் கிலோமீட்டர் உயரத்திற் பறக்கும்போது, கோட்டிலிருந்து பத்து முதல் நாற்பது கிலோமீட்டர் வரை விலகிக் கிடப்பவையே கண்ணுக்கு இசைவாகத் தெரிபவை. அவ்வுயரத்தில் அடிவானம் கணக்குப்படி 350 கிலோமீட்டர் அளவில் இருப்பினும், கடல்மேல் எழும் மூட்டம் அத்துணைத் தூரம் பார்க்க விடுவது அருமை.

இக்கணக்கை வைத்து வாசகியாரின் வழியைப் பார்ப்போம். கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு நேர்கோடு சுமார் 415 கிலோமீட்டர். அது வடக்கே போய்ச் சற்றே மேற்கிற் சாய்கிறது. சிலாபத்தை ஏறக்குறைய உரசிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறது. அதன் பின்னர் இலங்கைக் கரை முழுவதும் கோட்டின் வலப்புறத்தில் அமைகிறது. இடப்புறத்தில் மன்னார் வளைகுடாவின் நீலமன்றி வேறில்லை. ஆகவே விடை வலப்புறம் என்பதே. பக்கத்துக்கு மூவராக, வரிசைக்கு அறுவர் அமரும் விமானமாயின், ‘எஃப்’ என்னும் எழுத்துடைய ஆசனம் வலப்புறச் சாளரத்தது; ‘ஏ’ என்பது இடப்புறத்தது.

வலப்புறத்தில் அமர்ந்தவர் காண்பது என்ன? முதலில் தென்னந்தோப்புகள் பச்சைக் கம்பளம் விரித்தாற்போலக் கிடக்கும். அப்பால் புத்தளக் கடலேரியும், அதனைக் கடலினின்றும் பிரித்து வடக்கே நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாடும் வரும். உப்பளங்களைச் சதுரம் சதுரமாகக் காணலாம். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நெடிய புகைபோக்கி நல்ல அடையாளம். அதனையடுத்து வில்பத்துக் காட்டின் கரை. பின்னர் முத்துக்குளிப்புக்குப் பேர்போன அரிப்புக் கடல். அதன்பின், சாளரத்தைவிட்டு முகத்தை எடுக்கலாகாத அப்பத்து நிமிடங்கள் வருகின்றன.

தொலைவில் மன்னார்த் தீவு ஒரு நீண்ட நாக்கைப்போல் கடலுக்குள் நீளும். அதன் நுனியே தலைமன்னார். அந்நுனியிலிருந்து மேற்கே, தனுஷ்கோடி முனை வரை, சுமார் 30 கிலோமீட்டர் தூரத்திற்கு மணற்றிட்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. சேது என்றும், இராமர் அணை என்றும், ஆதாம் பாலம் என்றும் அவரவர் மரபுப்படி அழைப்பது இதனையே. வடக்கே ஆழங்குறைந்த பாக்கு நீரிணை வெளிர்பச்சையாகவும், தெற்கே மன்னார் வளைகுடா கருநீலமாகவும் இருப்ப, இடையில் மணற்றிட்டுகள் நூலிற் கோத்தாற்போல் வெண்மையாய்த் தோன்றும். கடலலை மணலை ஓரிடத்திற் குவித்தும் ஓரிடத்தில் அரித்தும் வருவதால், ஒருமுறை கண்ட வடிவம் மறுமுறை அப்படியே இருப்பதில்லை.

தனுஷ்கோடி முனை கோட்டிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்திலும், இராமேசுவரம் பதினைந்து கிலோமீட்டருக்குள்ளும் அமைவதால், இவ்விரண்டும் வலப்புறச் சாளரத்துக்கு வாய்ப்பாகவே தெரியும். பாம்பன் பாலமோ ஏறக்குறைய நேர் கீழே வருவது. அதனைக் காண விரும்புவோர் சில நிமிடங்களுக்கு முன்னரே முன்னோக்கிப் பார்த்துக்கொண்டிருத்தல் வேண்டும். 1914 இல் திறந்த பழைய பாலத்தின் அருகே, 2025 ஏப்பிரலில் திறந்த புதிய பாலமும் இப்போது நிற்கிறது.

இவ்வளவும் அழகிய காட்சிதான். ஆனால் பன்விலத் தோட்டமொன்றின் லயத்திற் பிறந்தவருக்கு இது வேறொன்றும் ஆகும். 1820 ஆம் ஆண்டுகளில் கண்டிச் சீமையிற் கோப்பித் தோட்டங்கள் தோன்றிய காலந்தொட்டு, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், சேலம் முதலிய சீமைகளிலிருந்து கங்காணிமார் அழைத்து வந்த மக்கள் இக்கடலைத்தான் தோணிகளிற் கடந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட காட்டு வழியைக் கால்நடையாகவே கடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழிநெடுகிலும் அவர்களைக் கொண்டுபோயின. எஞ்சியோர் மாத்தளையை அடைந்து, அங்கிருந்து சுற்றியுள்ள மலைகளுக்குப் பிரிந்தனர். பன்வில மலைகள் மாத்தளைக்கு ஒரு நாள் நடைத்தூரம்கூட இல்லை. 2023 இல், மலையகத்தாரின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைவதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் அவ்வழியை மீண்டும் நடந்து கடந்ததனை நேயர்கள் அறிவார்கள்.

விமானம் செல்லும் கோட்டை இப்போது மீண்டும் பாருங்கள். பாம்பனுக்கு அப்பால் அது தொண்டிக் கரையோரமாகச் சென்று, புதுக்கோட்டைக்கு மேலாகத் திருச்சிராப்பள்ளியில் இறங்குகிறது. முன்னோர் எவ்வூர்களை விட்டு நடந்து வந்தனரோ, அவ்வூர்களின் மேலாகவே பேரப்பிள்ளைகள் பறந்து செல்கின்றனர். வாரக்கணக்கிற் கடந்த வழி ஒரு மணி நேரத்திற்குள் பின்னோக்கிச் சுருட்டப்படுகிறது. இவ்விடத்தில் இடப்புறத்தாருக்கும் பங்கு வருகிறது. பாம்பனைக் கடந்தபின் வலப்புறத்திற் சிறிது நேரம் கடலே இருக்க, இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளின் கண்மாய்கள் கண்ணாடித் துண்டுகள் சிதறினாற்போல் இடப்புறத்தில் மின்னும். கண்மாய் வறண்டபோது ஊர்விட்டு வந்தவர்களின் சந்ததியார், அக்கண்மாய்களை மேலிருந்து எண்ணிப் பார்ப்பது எத்துணைப் பொருளுடையது!

வரும் வழியாக மட்டுமா இக்கடல் இருந்தது? போகும் வழியாகவும் இருந்தது. 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்குமிடையே கப்பல் ஓடியது. 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படுவர் எனவும், 3,00,000 பேர் இலங்கைக் குடியுரிமை பெறுவர் எனவும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதெனவும் அவ்வொப்பந்தம் வகுத்தது. பின்னர் 1974 இல் அவ்வெஞ்சியோரையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. மை உலர்ந்து இரு திங்கள் நிறைவதற்குள், அவ்வாண்டு டிசம்பர் 22 ஆம் நாளிரவு வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. புகையிரதம் ஒன்று அதிலிருந்த பிரயாணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. அதன்பின் கப்பல்கள் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்திற்குச் சென்றன. 1984 இல் அதுவும் நின்றது.

அந்த இருபது ஆண்டுகளில் மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற வண்டியை ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று நம்மவர் அழைத்தனர். ஒரே வயிற்றிற் பிறந்தோருள் ஒருவருக்கு இந்தியக் கடவுச்சீட்டும், மற்றொருவருக்கு இலங்கைப் பிரசாவுரிமையும் கிடைத்த வீடுகள் பல. அக்கா மண்டபம் முகாமில் இறங்கி நீலகிரிக்குப் போனாள். தங்கை பன்வில மலையில் கொழுந்து பறித்தவாறே இருந்துவிட்டாள். புகையிரத நிலையத்தில் கையசைத்தவருக்கு அதன்பின் நடந்தது எதுவும் தெரியாது. கப்பல் எத்துறையினின்றும் புறப்பட்டது, கடல் எவ்வளவு அகலம், அக்கரை எப்படி இருக்கும் என்பவற்றை அவர் கண்டதில்லை. இன்று அத்தங்கை எழுபது வயதை எட்டியவராகத் திருச்சிராப்பள்ளி விமானத்தில் ஏறுவாராயின், வலப்புறச் சாளரம் அவருக்குக் காட்டுவது எதனை என்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

சென்னைக்குச் செல்வோர் இதனைப் படித்துவிட்டு வலப்புறம் கேட்டுவிடலாகாது. சென்னைக் கோடு ஏறக்குறைய நேர் வடக்கே செல்வது. மன்னார் நகரம் அதற்குச் சற்று இடப்பக்கமாகவும், தலைமன்னாரும் சேதுவும் மேலும் இடப்பக்கமாகவும் அமையும். ஆதலால் சென்னைக்கு இடப்புறமே சிறந்தது. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் இயங்கத் தொடங்கிய காற்றாலைகள் முப்பதும் வரிசையாக நிற்பதைத் தெளிந்த நாளிற் காணலாம். யாழ்ப்பாணக் குடாநாடு நேர் கீழே மறைந்துவிடினும், அதனைக் கடந்தபின் கோடிக்கரை, நாகப்பட்டினம், காரைக்கால், புதுச்சேரி என்று சோழமண்டலக் கரை முழுவதும் இடப்புறத்திலேயே தொடர்ந்து வரும். 1947 டிசம்பர் 10 ஆம் நாள் ஏயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிற் புறப்பட்டு, காங்கேசன்துறையில் இறங்கி, பின்னர் சென்னைக்குச் சென்றது. அந்த டக்கோட்டாவிற் சென்றவர்களும் ஏறக்குறைய இக்கரைகளையே கண்டிருப்பார்கள்.

மலேசியாவுக்கோ சிங்கப்பூருக்கோ செல்லும் நேயர்களுக்கு மலைநாடே காட்சிப் பொருளாகிறது. கோடு கிழக்கே சென்று சற்றுத் தெற்கே சாய்வதால், மலைநாட்டின் நடுவே வகிடெடுத்தாற்போற் செல்கிறது. சிவனொளிபாத மலை வலப்புறத்தில் 25 கிலோமீட்டர் அளவில் அமையும். 2,243 மீற்றர் உயர்ந்த அக்கூம்பு, மேகத்திற்கு மேலே தனித்துத் தலைகாட்டும் நாட்களும் உண்டு. இடப்புறத்தில் கண்டி, அதற்குக் கிழக்கே 1985 இல் திறந்த விக்டோரியா அணையின் நீர்த்தேக்கம். அந்நீர்ப்பரப்பை முதலிற் கண்டுபிடித்து, அதற்கப்பால் வடக்கே பார்வையைச் செலுத்தினால், மடக்கிய கைவிரல்களின் மொளிகள் போலத் தோன்றும் நக்கிள்ஸ் மலைத்தொடர் தெரியும். பன்வில அதன் அடிவாரத்தில் இருப்பது. பன்வில மக்கள் ஆயுள் முழுவதும் கீழிருந்தே பார்த்த மலையை ஒருமுறை மேலிருந்து பார்க்க இடப்புறமே வேண்டும். நக்கிள்ஸ் மலையும் சிவனொளிபாதமலை வனமும் ஹோர்ட்டன் சமவெளியுடன் சேர்த்து 2010 இல் உலக மரபுரிமைத் தலமாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. ஆகவே அவ்வழியில் எப்பக்கம் இருந்தாலும் நட்டமில்லை.

பக்கத்தை முடிவு செய்தபின் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது இறக்கை. நடுவரிசைகளிற் சாளரம் கிடைத்தும், வெளியே அகன்ற தகரப் பரப்பைத் தவிர வேறொன்றுங் காணாது இறங்குவோர் பலர். ஆதலின் இறக்கைக்கு முன்னே, இயலாதெனில் நன்கு பின்னே, ஆசனம் கேட்கவேண்டும். முன்புறம் மேலானது. பின்புறத்தில் எஞ்சினிலிருந்து வரும் வெப்பக் காற்றால் காட்சி கானல்போல் நடுங்கும். 2019 நவம்பரில் தொடங்கிய பலாலி – சென்னைச் சேவைக்கு வந்த ஏ.டி.ஆர். விமானங்களைப் போன்றவற்றில் இறக்கை சாளரத்துக்கு மேலே அமைந்திருப்பதால் இத்தொல்லை குறைவு.

இரண்டாவது சூரியன். காலையில் வடக்கு நோக்கிச் செல்கையில் வலப்புறம் கிழக்காகும், கண் கூசும். சேதுவைக் காண வலப்புறம் வேண்டும் திருச்சிராப்பள்ளிப் பிரயாணிகள், பிற்பகல் விமானத்தைத் தெரிந்துகொள்ள இயலுமாயின் ஒளி முதுகுப்புறமாக விழுந்து நிறங்கள் தெளிவாகும். சென்னைப் பிரயாணிகளுக்கோ, இதே காரணத்தால் காலை விமானம் நன்று. சூரியனுக்கு எதிர்ப்பக்கத்தில் இருப்போருக்கு இன்னொரு பரிசும் உண்டு. மேகத்தின்மேல் விமானத்தின் நிழல் ஓடும். அந்நிழலைச் சுற்றிச் சில வேளைகளில் வானவில் நிறங்களோடு ஒரு வட்டம் தோன்றும். பிள்ளைகள் அதனைக் கண்டால் எளிதில் மறவார்கள்.

மூன்றாவது மேகம். வெயிலேற ஏற நிலத்தின்மேல் மேகம் திரள்வது நம் நாட்டு இயல்பு. மலைநாட்டைப் பார்க்க விரும்புவோருக்குத் தை கடைசியிலிருந்து பங்குனி வரையுள்ள காலைப் பொழுதுகளே வாய்ப்பானவை. ஆனால் மன்னார்க் கரை வறண்ட நிலம். தென்மேற்குப் பருவமழையில் கண்டி நனைந்துகொண்டிருக்கும் நாளிலும் அங்கே வெயிலடித்தல் கூடும். ஆகவே கட்டுநாயக்கவில் மழை பெய்கிறதே என்று சாளரத்தை மூடிவிடவேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான் பாக்கு நீரிணைப் பக்கம் மேகம் மூடும் வாய்ப்பு அதிகம்.

சாளரத்தைப் பற்றியே பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்கக்கூடும். கண்ணாடியின் அடிப்பக்கத்தில் ஊசித்துளை போன்ற ஒரு சிறு துளை இருப்பதைக் கண்டு, “அம்மா, யன்னல் ஓட்டை!” என்று அஞ்சுவார்கள். அஞ்ச வேண்டியதில்லை. சாளரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பலகைகள் உள்ளன. வெளிப்பலகையே காற்றழுத்தத்தைத் தாங்குவது. நடுப்பலகையிலுள்ள அத்துளை, இரு பலகைகளுக்கு இடையிலுள்ள காற்றின் அழுத்தத்தைச் சமன்செய்து, பனி படியாமலும் காக்கிறது. நாம் தொடும் உட்பலகை கீறல் விழாமற் காப்பதற்கு. சாளரத்தின் மூலைகள் வளைவாக இருப்பதற்கும் காரணம் உண்டு. கூரிய மூலையில் அழுத்தம் ஒருங்கு குவியும். 1954 இல் கொமெட் ஜெட் விமானங்கள் இரண்டு வானிலேயே சிதறிய பின் நடந்த ஆராய்ச்சியில், விமானத்தின் உடலில் வெட்டிய திறப்புகளின் மூலைகளில் உலோகம் களைத்து வெடித்தமை தெரியவந்தது. நம் பிள்ளைகள் முகம் பதிக்கும் அவ்வளைவு, உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடமாகும்.

இறுதியாக, வாசகியார் கேளாத ஒரு வினா இருக்கிறது. அதுவே யாவற்றிலும் பெரியது. ஒரு பக்கத்தில் மூவர் அமர்ந்தால் சாளரம் ஒருவருக்கே. அதில் அமர்வது யார்?

நம் இல்லங்களில் இதற்கு விவாதமே எழுவதில்லை. “பிள்ளை பார்க்கட்டும்” என்பார் பாட்டியார்; பிள்ளை ஓடிப்போய் அமர்ந்துகொள்ளும். பாட்டியார் நடைபாதையோரத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்களை மூடிக் கடவுளை நினைத்துக்கொண்டிருப்பார். அன்பினால் நேர்வதே இது. ஆயினும் நாம் இதனைச் சற்று மாற்றிப் பார்க்கலாகாதா? பிள்ளை இனிப் பன்முறை பறப்பான். அவனுக்கு அங்கே தெரிவது கடலும் மணலும். பாட்டியாருக்கோ இது முதல் முறை; ஒருகால் அதுவே இறுதி முறையாகவும் இருக்கலாம். அவருக்கு அங்கே தெரிவது தம் பாட்டனார் தோணியேறிய கரை. தம் உடன்பிறந்தார் கப்பலேறிய துறை. காட்சி அவருக்கு உரியது. உரியவருக்கு உரிய இடத்தைக் கொடுப்பதே முறை.

முதியவர் தாமாகக் கேட்கமாட்டார். “எனக்கெதற்கு? கீழே பார்த்தால் தலை சுற்றும்” என்றுதான் சொல்வார். மகளிர் சற்றே வற்புறுத்தி, “அம்மா, இங்கே இருங்கள், மன்னார் வரும்போது எங்களுக்குச் சொல்லுங்கள்” என்று ஒரு வேலையை ஒப்படைத்தால் மறுக்கமாட்டார். பேரன் நடுவில் அமரட்டும். பாட்டியின் தோளுக்கு மேலாக அவனும் எட்டிப் பார்க்கலாம். வெறுங்கடல் என்று அவன் நினைத்த இடத்தில் பாட்டி ஒரு பெயரைச் சொல்வார். எந்தத் தேசப்படமும் சொல்லாத கதை ஒன்று அங்கே அவன் காதில் விழும். திரும்பி வரும்போது பேரன் சாளரத்தில் இருக்கட்டும். அப்போது சேது இடப்பக்கத்தில் வருமாதலால் ‘ஏ’ ஆசனத்தைக் கேட்கவேண்டும். போகும்போது பாட்டி காட்டியதைத் திரும்பும்போது பேரன் காட்டுவான்.

இவற்றைச் செய்ய அதிகச் செலவில்லை. சில நிறுவனங்கள் ஆசனத்தை முன்னரே தெரிந்தெடுக்கக் கட்டணம் கேட்கின்றன. அது இயலாதோர் சற்று முன்னதாகச் சென்று, பொதிகளை ஒப்படைக்கும் இடத்தில், “அம்மாவுக்கு வலப்புறச் சாளரம், இறக்கைக்கு முன்னே” என்று பணிவாகக் கேட்டாற் போதும். காலியாக இருந்தாற் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். மேலெழும்பும்போதும் இறங்கும்போதும் சாளர மறைப்பை எப்படியும் திறந்தே வைக்கச் சொல்வார்கள். இடைப்பட்ட நேரத்திலும் அதனை மூடாதிருத்தல் நம் பொறுப்பு. சிற்றுண்டி வரும் நேரமும் சேது வரும் நேரமும் ஒன்றாயிருக்கக்கூடும். சிற்றுண்டி சற்றுப் பொறுக்கும், சேது பொறுக்காது.